விரலை விடாத கைப்பிடி

சீதோனில் கண்ணாடி ஊதுகிறவர்களுக்கு வாய் கொஞ்சம் பெரிது. நாள் முழுக்க இரும்புக் குழலில் ஊதிப் பழகியதால், குழலைக் கீழே வைத்த பிறகும் அந்த ஊதல் நிற்பதில்லை. தான் ஊதிய குப்பியில்தான் ரோமாபுரியின் பெரிய மனிதர் ஒருவர் வாசனைத் தைலம் வைத்திருக்கிறார் என்பான் ஒருவன். அந்தப் பெரிய மனிதரே என் பெயரைக் கேட்டு ஆள் அனுப்பினார் என்பான் இன்னொருவன். ஒன்றை மட்டும் இவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். ஜாடியை வாங்குகிறவன் அதன் வயிற்றைக் கட்டிப்பிடித்துத் தூக்குவதில்லை. கைப்பிடியைப் பிடித்துத்தான் தூக்குகிறான். அந்தக் கைப்பிடியை வைக்கிற ஆளை எங்கள் தெரு ஒரு பொருட்டாக மதித்ததே கிடையாது. அரிஷத் வந்த பிறகுதான் அந்த மிதப்பு கொஞ்சம் இறங்கியது.

அரிஷத், உலைக்காரன் மத்தானின் அண்ணன் மகள். தாயும் தகப்பனும் காய்ச்சலில் போய்விட, சித்தப்பன் வீட்டில் வளர்ந்தாள். மத்தானிடம் கைப்பிடி வைத்துக்கொண்டிருந்தவன் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் கப்பல் ஏறிவிட்டான். ஊதிய ஜாடி குழல் நுனியில் ஆறிக்கொண்டிருக்க, மத்தான் ஊரையே கூட்டுகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தான். விறகு கொண்டு வந்த அரிஷத் சுமையைத் தொப்பென்று போட்டுவிட்டு, காலியாகக் கிடந்த முக்காலியில் உட்கார்ந்து கம்பியை எடுத்தாள். "எந்திரி கழுதை" என்று மத்தான் சொல்லி முடிப்பதற்குள் கைப்பிடி ஒட்டிவிட்டது. கொஞ்சம் கோணல்தான். ஆனாலும் அந்த ஜாடி விலைபோனது. அதற்குப் பிறகு அவளை எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

பார்க்கப் பார்க்க அவள் கை தேறியது. கம்பி நுனியில் பாகு மாதிரி சொட்டும் கண்ணாடியை ஜாடியின் தோளில் வைத்து, ஒரே இழுப்பில் வாய்வரை கொண்டுபோய், மடித்து, கட்டைவிரல் அமர ஓர் இலையைப் போல நசுக்கி விடுவாள். மிச்சமிருக்கும் கண்ணாடியை வீணாக்குகிற வழக்கம் அவளிடம் இல்லை. அதை ஜாடியின் வயிற்றோடு வாலாக இழுத்து, இடுக்கியால் கிள்ளிக் கிள்ளி மீன்முள் வரிசை போல நிறுத்துவாள். வயிற்றை யார் ஊதினார்கள் என்று கேட்காமல் வாலைப் பார்த்து ஜாடி வாங்குகிறவர்கள் வரத் தொடங்கினார்கள். ஊதுகிறவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் தெருவில் பெண் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. மாப்பிள்ளை பெண் வீட்டு உலைக்கு வந்து ஒரு ஜாடி ஊத வேண்டும். அதற்குப் பெண் வீட்டு ஆள் கைப்பிடி வைக்க வேண்டும். மறுநாள் விருந்தில் மாப்பிள்ளை அந்த ஜாடி நிறைய மதுவை நிரப்பி, கைப்பிடிக்குள் ஒரே ஒரு விரலை விட்டுத் தூக்கி, பெரியவர்களுக்கெல்லாம் ஊற்றி வர வேண்டும். மற்றக் கை ஜாடியில் படக் கூடாது. உலைக்கு வந்தது முதல், ஊற்றி முடித்து ஜாடியிலிருந்து கையை எடுக்கும்வரை அவன் யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கைப்பிடி நின்றால் கல்யாணம். கழன்றால் இரண்டு உலையும் ஒட்டவில்லை என்று அர்த்தம், அவரவர் வீட்டைப் பார்க்கப் போகலாம்.

இந்த முறையை ஏற்படுத்திய பெரியவர்கள், கைப்பிடி வைக்கிற ஆளே கல்யாணப் பெண்ணாகவும் இருப்பாள் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

துறைமுகத்து உலையிலிருந்து முதலில் ஒருவன் வந்தான். கைப்பிடி கழன்று, மது முழுவதும் அவன் காலில் கொட்டியது. அடுத்து, தாடியில் தைலம் பூசிய ஒரு மனைவியிழந்தவன் வந்தான். அவனுக்கும் அதே கதி. "கழண்டுடுச்சே, நான் என்ன பண்ணுவேன்?" என்று அரிஷத் கையை விரித்தாள். முகத்தில் அப்படி ஒரு வருத்தம்! ஜாடியின் தோள் சிவந்திருக்கும்போதே கைப்பிடியை வைக்க வேண்டும். ஒரு மூச்சு தாமதித்து வைத்தால் ஒட்டியது போலத்தான் இருக்கும், பாரம் ஏறும்போது விட்டுவிடும். இது தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு மூச்சை யார் எண்ணிப் பார்த்தது?

கல்யாணம் அவளுக்கு ஒன்றும் கசக்கவில்லை. முக்காலிதான் விஷயம். கட்டிக்கொண்டால் புருஷன் உலைக்குப் போயாக வேண்டும். அங்கே முக்காலியில் அவன் தம்பியோ மாமனோ சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பான். அவளுக்கு மிஞ்சுவது பருப்புப் பானைதான். பானைக்கும் இரண்டு காது இருக்கிறது, ஆனால் அதை அவள் செய்யவில்லையே.

கழன்ற கைப்பிடிகள் மாப்பிள்ளைகளோடு போய்விடவில்லை, பேச்சாக மாறித் துறைமுகம்வரை நடந்தன. உப்புமீன் விற்கிறவள்கூட, "உங்க வீட்டுக் கைப்பிடி நிக்குமா, இல்ல உன் கல்யாணம் மாதிரி கழண்டுக்குமா?" என்று கேட்டுச் சிரித்தாள். ஒரு கப்பல் வியாபாரி, எடுத்து வைத்திருந்த ஜாடிகளைத் திருப்பி இறக்கிவிட்டுப் போனான். அன்று மத்தான் அவள் முன்னால் வந்து நின்றான்.

"இந்தா பாரு. பனைமரத்துச் சந்து உலையிலேர்ந்து அப்தமோன் வர்றான். இந்தத் தடவையும் கைப்பிடி கழண்டுச்சோ, இந்த முக்காலியத் தூக்கி உலையில போட்டுருவேன். ஒண்ணு உனக்கு வேலை தெரியல, இல்ல வேணும்னே பண்ற. ரெண்டுல எதுவா இருந்தாலும் நீ இங்க உக்கார வேணாம்."

"சித்தப்பா, முக்காலி நல்ல மரம். சாம்பலா போனா பாவம்."

"வாய மூடு."

அவள் வாயை மூடினாள். அவள் வாயை மூடினால் நிலைமை மோசம் என்று அர்த்தம். கைப்பிடி கழன்றால் முக்காலி சாம்பல். நின்றால் அப்தமோன் வீட்டுப் பானை. எந்தப் பக்கம் புரண்டாலும் முக்காலி இல்லை. அழுவது பழக்கமில்லாததால் உட்கார்ந்து சித்தப்பனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அப்தமோன் வந்தான். நெட்டை ஆள், கூன் போட்ட தோள். முறைப்படி பேசக் கூடாது என்பதால் பேசவில்லை என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அவன் இயல்பே அப்படித்தான் என்று. எங்கள் தெருவில் ஊதுகிறவன் ஒருவன் பேசாமல் இருப்பது, கடல் உப்பில்லாமல் இருப்பது போல. குழலை எடுத்தான், ஊதினான், உருட்டினான், ஊதினான். இளநீல ஜாடி ஒன்று கழுத்தும் தோளுமாக வளர்ந்து வந்தது. நல்ல ஜாடி. அரிஷத்துக்கு எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் அது உண்மையிலேயே நல்ல ஜாடி.

அவன் ஜாடியை அவள் முன்னால் நீட்டினான். அவள் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், ஒரு மூச்சு தாமதித்தாள். அவ்வளவுதான். அப்தமோன் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் திரும்பி, ஜாடியின் தோளை மறுபடியும் உலை வாயில் காட்டிச் சிவக்க வைத்து, மறுபடியும் அவள் முன்னால் நீட்டினான்.

மாட்டிக்கொண்டாள். தெருவே பார்க்காத அந்த ஒரு மூச்சை இந்த ஊமைக் கோட்டான் பார்த்துவிட்டான். அவள் காது மடல் சூடேறியது. அப்போதுதான் குழலைப் பிடித்திருந்த அவன் ஆள்காட்டி விரல் கண்ணில் பட்டது. நீளமான விரல், நடுவில் அத்திப்பழ அளவுக்கு ஒரு முட்டி.

'அடப்பாவி, உனக்குக் கழலாத கைப்பிடிதானே வேணும்?' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். 'வாங்கிக்கோ.'

தோளில் வைத்தாள், இழுத்தாள், வாயருகே மடித்தாள், இலை நசுக்கினாள். அதோடு நிறுத்தவில்லை. இலைக்குக் கீழே கண்ணாடியைச் சுழற்றி விரல் நுழைய ஒரு வளையம் கட்டினாள். வளையத்தின் உள்விளிம்பை இடுக்கியால் லேசாக உள்நோக்கிச் சாய்த்துவிட்டாள். நண்டுக் கூடையின் வாய் இருக்கிறதே, அது போல. பிறகு வயிற்றோடு வாலை இழுத்து, முள் முள்ளாகக் கிள்ளி முடித்தாள். தன் வாழ்நாளில் அவள் அவ்வளவு அழகான கைப்பிடி வைத்ததில்லை.

"என்னடி இது, கைப்பிடியா மோதிரமா?" என்றான் மத்தான்.

"கல்யாண ஜாடி இல்லையா சித்தப்பா, கொஞ்சம் அழகா இருக்கட்டுமே."

ஊதுகிறவனுடைய விரல் காலையில் ஓர் அளவு, சூட்டிலும் கூட்டத்திலும் நின்ற பிறகு வேறோர் அளவு. ஊதுகிறவர்களுக்கே இது தெரியாது. விரல்களைப் பார்த்துப் பார்த்துக் கைப்பிடி வைத்தவளுக்குத் தெரியும்.

மறுநாள் மத்தானின் முற்றத்தில் தெருவே கூடியிருந்தது. கடல்காற்றில் பக்கத்துச் சாயப்பட்டறையில் சாயத்துக்காக நசுக்கும் சங்குகளின் நாற்றம் வழக்கம்போல வந்து, விருந்தாளி மாதிரி நடுவில் உட்கார்ந்துகொண்டது. உப்புமீனும் பருப்பும் ரொட்டியும் பேரீச்சையும் வரிசையாக இருந்தன. அப்தமோனின் அம்மா பத்னா, முக்காட்டுக்குள்ளிருந்து எல்லாவற்றையும் விலை மதிப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவிலேயே மூத்தவரான சில்லேம்தான் நடுவர். முன்பு நடந்த இரண்டு விருந்திலும் ஊற்று தொடங்கும் முன்பே நின்று, அவருக்கு மது கிடைக்காமல் போயிருந்தது. இன்று கோப்பையை முன்கூட்டியே நீட்டி வைத்திருந்தார்.

அப்தமோன் விரலை வளையத்துக்குள் விட்டான். முட்டியில் ஒரு நொடி தயங்கி, பிறகு உள்ளே போனது. ஜாடியைத் தூக்கினான். மது தளும்பியது. கைப்பிடி அசையவில்லை. சில்லேமுக்கு ஊற்றினான், மத்தானுக்கு, பத்னாவுக்கு, சாயப்பட்டறைக்காரர்களுக்கு, வரிசையாக எல்லோருக்கும். கிசுகிசுத்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கிப்போனார்கள். அரிஷத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தான் செய்த குறும்பை அவள் ஒரு கணம் மறந்தே போனாள். பாரம் மொத்தத்தையும் தாங்கிக்கொண்டு அந்தக் கைப்பிடி முற்றத்தைச் சுற்றி வந்ததைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"பாத்தீங்களா! எங்க வீட்டுக் கைப்பிடி! எவன்டா கழலும்னு சொன்னவன்?" என்று மத்தான் மார்பைத் தட்டினான்.

அப்தமோன் ஜாடியை மேசையில் வைத்தான். கையை எடுத்தான். ஜாடியும் கூடவே வந்தது.

மறுபடி வைத்தான், எடுத்தான். ஜாடி வந்தது. முதலில் ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு முற்றமே சிரித்தது. யாரோ ஆலிவ் எண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார்கள். அரிஷத்தின் சித்தி சாம்பலைக் கரைத்துப் பார்த்தாள். துறைமுகத்து ஆள் ஒருவன் ஜாடியைப் பிடித்து இழுத்த இழுப்பில் அப்தமோன்தான் பெஞ்சிலிருந்து வந்தான், கைப்பிடி வரவில்லை. எண்ணெயும் சாம்பலும் வழிய, அவன் ஒரு சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தான்.

"உடைச்சுட வேண்டியதுதானே?" என்றான் ஒருவன்.

சில்லேம் கோப்பையைக் கீழே வைத்தார். "அவனா உடைச்சா, பொண்ணு வேணாம்னு சொன்ன மாதிரி. கை ஜாடியிலேர்ந்து வர்ற வரைக்கும் ஊத்து முடியல. அதுவரைக்கும் அவன் பேசவும் கூடாது."

அரிஷத் எதிர்பார்த்தது இதைத்தான். வலி தாங்காமல் அவனாக உடைப்பான். கைப்பிடி கழன்றது என்று இனி யாரும் சொல்ல முடியாது, மறுத்ததும் அவன்தான். முக்காலி மிஞ்சும். முகத்தைப் பால் குடிக்காத பூனை மாதிரி வைத்துக்கொண்டு, ஒரு கிண்ணம் பருப்பை எடுத்துப் போய் அவன் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்க. இடது கையால சாப்பிடத் தெரியும்ல? அவசரமே இல்ல, ஜாடியும் பக்கத்துல உக்காந்து பாத்துக்கட்டும்."

அவன் இடது கையால் ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுக்கொண்டு, நிதானமாகச் சாப்பிடத் தொடங்கினான். ஜாடியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டான். நடுநடுவே கைப்பிடியைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தான். விரல் நுனி கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஆனால் அவன் உடைக்கவில்லை.

பத்னாவுக்குப் பொறுக்கவில்லை. முக்காட்டைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"டேய், விரல் போனாலும் போகட்டும், உடைச்சுடாத! இப்படி ஒரு கைப்பிடி எவன்டா வைப்பான் நமக்கு?" என்றாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "என்ன சிரிப்பு? என் மூத்தவன் இத்தாலிக்குப் போனதிலேர்ந்து எங்க உலையில கைப்பிடி வைக்க நாதியில்ல. மொட்டைக் குப்பியா வித்துட்டுக் கெடக்கோம். மருமக வேணும்னா ஊர்ல ஆயிரம் பேரு. எனக்கு முக்காலியில உக்கார்ற ஆள் வேணும், அதுக்குத்தான் இந்த வாயாடியக் கேட்டு வந்தோம்!"

அப்தமோன் தலையை மேலும் கீழும் ஆட்டினான். ஜாடியும் ஆடியது.

அரிஷத்தின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. எந்த முக்காலி போய்விடும் என்று பயந்து இத்தனை ஆட்டம் ஆடினாளோ, அதை வைத்துக்கொண்டுதான் இவர்கள் வாசலில் நின்றிருக்கிறார்கள். இதைச் சொல்ல ஒருவனையும் இந்தப் பாழாய்ப்போன முறை விடவில்லை. முன்னால் வந்த இரண்டு பேரும் என்ன சொல்ல வந்தார்களோ என்று ஒரு கணம் தோன்றியது. தைலத் தாடிக்காரன் நிச்சயமாக ஒன்றும் சொல்ல வந்திருக்க மாட்டான் என்று தேற்றிக்கொண்டாள்.

அவளை விட வேகமாக விஷயம் புரிந்தது மத்தானுக்கு. அவன் முகம் வெளுத்தது. தன் உலையின் கைப்பிடி மொத்தமும் பனைமரத்துச் சந்துக்குக் குடிபோகப் போகிறது. கொஞ்ச நேரம் முன்னால் மார்பைத் தட்டிக்கொண்டவன், இப்போது உள்ளே ஓடிப்போய்ச் சுத்தியலோடு வந்தான்.

"பாவம் புள்ள, விரலு நீலமா ஆயிடுச்சு! நகருங்க, நானே உடைச்சு விடறேன்!"

"என்ன சித்தப்பா, திடீர்னு இவ்ளோ இரக்கம்?" அரிஷத் குறுக்கே வந்து நின்றாள். "கைப்பிடி கழண்டா முக்காலியக் கொளுத்துவேன்னு சொன்னீங்க. இப்ப நீங்களே கழட்டினா எதக் கொளுத்தறது, சுத்தியலயா?"

"அடியே, அதெல்லாம் சும்மா சொன்னதுடி! உன் முக்காலி உனக்குத்தான்!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கள்ல?" என்று அவள் கூட்டத்தைப் பார்த்தாள்.

பிறகு அப்தமோன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். விரல் வீங்கித் துடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க, தன் குறும்பு இந்த ஒரு தடவை அளவு மீறிவிட்டது என்று அவளுக்கே உறைத்தது. நாளைக்கு இந்த விரல் குழலை உருட்ட வேண்டும். இவ்வளவு நேரமும் ஒரு முனகல் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான், மடையன்.

சுத்தியல் அவளுக்குத் தேவைப்படவில்லை. கூர்க்கல்லால் வளையத்தின் இரண்டு பக்கத்திலும் கோடு கீறினாள். பழுத்த கம்பி நுனியை ஒரு கோட்டின் மேல் தொட்டு எடுத்து, எச்சில் விரலை வைத்தாள். 'டிக்' என்றது. அடுத்த கோட்டிலும் அதையே செய்தாள். வளையத்தின் நடுத்துண்டு மட்டும் நகத்துணுக்கு மாதிரி அவள் உள்ளங்கையில் விழுந்தது. விரல் வெளியே வந்தது.

அப்தமோன் விரலை ஊதிக்கொண்டான். அவன் பேசிய முதல் வார்த்தைக்காக முற்றமே காத்திருந்தது.

"வால் ரொம்ப நல்லாருக்கு," என்றான்.

"விரலப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"அடுத்ததுக்கு வளையம் கொஞ்சம் பெருசா வை."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. அழுகையும் கொஞ்சம் கலந்திருந்தது என்று சித்தி பிறகு சொன்னாள். அரிஷத் அதை ஒத்துக்கொண்டதே இல்லை.

அதற்குள் பின்னால் சண்டை தொடங்கியிருந்தது. "கைப்பிடி உடைஞ்சுடுச்சு, கல்யாணம் இல்ல, பொண்ணு எங்க வீட்ல இருக்கும்," என்றான் மத்தான். "கண்ணத் தொறந்து பாரு, கைப்பிடியோட ரெண்டு காலும் ஜாடியிலதான் நிக்குது. நடுவுலதான் கொஞ்சம் போயிருக்கு. கழண்டுச்சுன்னு எவன் சொல்லுவான்? கல்யாணம் முடிஞ்சுது!" என்றாள் பத்னா. இரண்டு பேரும் சில்லேமைப் பார்த்தார்கள். சில்லேம் ஜாடியைத் தூக்கிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், அதில் மிச்சமிருந்த மதுவைக் குடித்தும் பார்த்தார். நடுப்பக்கம் போன கைப்பிடி கழன்றதா கழலாததா என்று முன்னோர்கள் சொல்லி வைக்கவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

தீர்ப்பு வராததால் கல்யாணம் ஆகாதவள் என்று மத்தானின் முக்காலியில் அவளை உட்கார வைக்க வேண்டியிருந்தது. ஆகிவிட்டவள் என்று அப்தமோன் உலையிலும் ஒரு முக்காலி போட வேண்டியிருந்தது. மத்தான் உறுமினால் பனைமரத்துச் சந்துக்குப் போவாள். பத்னா பருப்பில் உப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் மத்தான் உலைக்குத் திரும்பி வருவாள். சீதோனில் இரண்டு உலைக்குக் கைப்பிடி வைத்த ஒரே ஆள் அவள்தான். ஊதுகிறவர்கள் அவளைக் கண்டால் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அப்தமோன் அவளுக்காகப் பேச்சைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டான்.

சில்லேம் முடியாமல் படுத்தபோது அரிஷத் ஒரு கூடை அத்திப்பழத்தோடு பார்க்கப் போனாள். இடுப்பில் ஒரு குழந்தை, முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒன்று, வாசலில் அப்தமோன் கையில் இன்னொன்று. கிழவர் கண்ணைத் திறந்து அவளை அடையாளம் கண்டுகொண்டார். முகத்தில் குற்ற உணர்ச்சி தெரிந்தது.

"ஏம்மா... உன் கல்யாண விஷயம்... நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே..."

அரிஷத் அவர் போர்வையைச் சரிசெய்தாள்.

"அவசரமே இல்ல பெரியவரே," என்றாள். "நல்லா யோசிச்சே சொல்லுங்க."